பொறியும் உயிரும்: தோட்டத்துப் பிள்ளைகளும் உயிர்மருத்துவப் பொறியியலும்

மொழியியலைக் கற்றும் கற்பித்தும் ஓய்வுபெற்ற நாம், இப்பொழிவின் பொருளாக உயிர்மருத்துவப் பொறியியல் என்னும் தொழிலை எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளியது. ஒரு தொழிலுக்கு வீட்டில் வழங்கும் பெயர் இல்லையென்றால், அத்தொழிலைப் பிள்ளைகள் விரும்புவதற்கும் வழியில்லை. பெயரில்லாமை மொழியியலார் ஆராய வேண்டிய செய்தியே.

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என வடசிலாங்கூரில் விரிந்து கிடந்த தோட்டங்களில் தொழிற்பெயர்கள் குறைவின்றி இருந்தன. துரை, கிராணி, கங்காணி என்பவை அதிகாரத்தின் படிகள். மருத்துவத்தின் பக்கம் ‘டிரசர்’ இருந்தார். ‘காயத்துக்குக் கட்டுப் போடுபவர்’ என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் அது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் மக்கள் வாயில் அவர் கடைசிவரை டிரசராகவே இருந்தார். படித்த பிள்ளை டிரசரைக் கடந்து டாக்டராக வேண்டும் என்று பெற்றோர் கனவு கண்டனர். எஞ்சினியர் என்றால் ஆலை, பாலம், கட்டடம் ஆகியவையே நினைவுக்கு வந்தன. மருத்துவமனையில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கும் கருவியை வடிவமைத்து, அளவு திருத்தி, பழுது நீக்கி, பாதுகாப்பானது என்று சான்று அளிப்பவருக்கு நம் வழக்கில் பெயரே இல்லாமற்போனது.

நூல்வழக்கில் பெயர் உண்டு. ‘உயிர்மருத்துவப் பொறியியல்’ என்றும் ‘உயிரிமருத்துவப் பொறியியல்’ என்றும் எழுதுகின்றனர். இரண்டாவது வடிவத்தை நாம் விரும்புவதில்லை. ‘உயிரி’ என்றவுடன் ‘உயிரித் தொழில்நுட்பம்’ மாணவர் நினைவில் எழுந்து, மரபணுவும் நுண்ணுயிரும் ஆயும் வேறொரு துறையோடு இது கலந்துவிடுகிறது. இத்துறை பெரும்பாலும் இயற்பியலும் கணிதமும் மின்னணுவியலும் பொருளறிவியலும் மனித உடலைச் சந்திக்கும் இடம். உயிரியலில் மட்டும் நாட்டமுடைய மாணவரை இப்பெயர்க் குழப்பம் தவறான வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பதுண்டு.

‘பொறி’ என்னும் சொல்லை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். ஐம்பொறி என்கையில் அது கண், காது முதலிய புலன்வாயில்களைக் குறிக்கிறது. திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே இப்பொருள் உண்டு. எலிப்பொறி என்கையில் அது கருவி. சிலப்பதிகாரம் மதுரை மதில்மேல் இருந்த போர்ப்பொறிகளை அடுக்கிச் சொல்கிறது. தீப்பொறி என்கையில் நெருப்புத்துளி. புலிப்பொறி என்கையில் முத்திரை. இவையெல்லாம் ஒரு சொல்லின் பொருள்விரிவா, ஒலியொத்த வேறு சொற்களா என்பது அகராதியியலாரின் வழக்கு. தமிழர் அன்றே இத்துறையை அறிந்திருந்தனர் என்று இதைக்கொண்டு எவரும் மார்தட்ட வேண்டா. ஆனால், வகுப்பில் பயன்படுத்த இது நல்ல பிடி. உடலின் பொறிக்கும் உலோகப் பொறிக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியில், ‘உணரி’ என்னும் புதுச்சொல்லை மாணவருக்கு விளக்குவது எளிது. வெப்பம், அழுத்தம், ஒளி முதலியவற்றை உணர்ந்து மின்குறியாக மாற்றும் சிறு உறுப்பே உணரி. உயிர்மருத்துவக் கருவிகளுள் பெரும்பாலானவை உணரியிலிருந்தே தொடங்குகின்றன.

தோட்டத்துக்கும் இத்துறைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பலரும் நினைப்பதைவிட நெருங்கிய உறவு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை பயிரிட்டார். தமிழில் தென்னையின் பெயர் தாங்கிய தோட்டம் செம்பனையால் புகழ்பெற்றது பெயராய்வாளருக்குச் சுவையான முரண். எனினும், அந்நாளில் இவ்வட்டாரத் தமிழர் பெரும்பாலோரின் பிழைப்பு பால்மரத்தில் இருந்தது.

பால் வெட்டியவர் விடியலில் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைத் திரட்டிக் கொண்டுவந்து நிறுவைக்கு நின்றார். அங்கே எடை மட்டும் பார்க்கவில்லை. பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்பதையும் பார்த்தனர். அதற்கு ‘மெட்ரோலாக்’ என்னும் மிதவைமானி பயன்பட்டது. ரப்பர் நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை சற்று ஆழமாக அமிழும். மழைநீர் கலந்த பாலில் உயர்ந்து நிற்கும். பாலின் வெப்பநிலை மாறினாலும் அளவீடு மாறும். மிதவையின் கோட்டைக் கிராணி எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் கூலி கூடியது, குறைந்தது. கருவி பிழையாகக் காட்டினால் இழப்பு யாருக்கு என்னும் கேள்வி அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தது. அளவு திருத்தம் என்று இன்று பொறியியல் மாணவர் படிக்கும் பாடத்தின் உள்ளீடு இதுவே. நம் பாட்டன் பாட்டியர் அதைப் பாடமாகப் படிக்கவில்லை, கூலியில் படித்தனர்.

அந்தப் பால் சென்ற இடமும் மருத்துவமனையே. அறுவைக் கையுறை 1889, 1890 அளவில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஆப்கின்ஸ் மருத்துவமனையில் தொடங்கியது. தொற்றுநீக்கி மருந்தால் தோல் புண்ணான செவிலியர் ஒருவருக்காக அறுவை மருத்துவர் வில்லியம் ஆல்ஸ்டெட் மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரச் சொன்னார். பிற்காலத்தில் உலகுக்கு ரப்பர் கையுறை வழங்கும் நாடுகளுள் மலேசியா முதலிடம் பெற்றது. 1980களின் இறுதியில் ஒரு சிக்கல் எழுந்தது. இயற்கை ரப்பர்ப் பாலில் உள்ள சில புரதங்கள் மருத்துவப் பணியாளர்க்கும் நோயாளிகட்கும் ஒவ்வாமை உண்டாக்கின. கையுறையில் தூவிய மாவு அப்புரதத்தைக் காற்றிலும் பரப்பியது. புரதத்தைக் கழுவி நீக்கும் முறைகளையும், மாவில்லாத கையுறைகளையும், செயற்கை ரப்பர்க் கையுறைகளையும் உருவாக்க நேர்ந்தது. மாவுத்தூள் இட்ட கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடைசெய்தது. மரம், பால், புரதம், தோல், தடைச்சட்டம் என்னும் இத்தொடர் முழுவதும் உயிர்மருத்துவப் பொறியியலின் எல்லைக்குள் அடங்கும். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம் கையுறையையும் இதயமுடுக்கியையும் ஒரே பெயரின்கீழ் மருத்துவக் கருவி என்றே கொள்கிறது. இடர் குறைந்தவை முதல் இடர் மிக்கவை வரை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரித்து, வகைக்கேற்பச் சோதனையும் சான்றும் கேட்கிறது.

இனி, வடசிலாங்கூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிப்போன ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ‘இனிப்புநீர்’ என்று நம் மக்கள் வழங்கும் அந்நோய் முற்றினால் சிறுநீரகம் செயலிழக்கிறது. பின்னர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அளவில், குருதியைக் கருவியின்வழிச் செலுத்தித் தூய்மை செய்தாக வேண்டும்.

இதற்கு மலாயில் ‘சூச்சி டாரா’ என்கின்றனர். அதை அடியொற்றி நம்மவர் ‘இரத்தம் கழுவுதல்’ என்கின்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘கூழ்மப்பிரிப்பு’ என்னும் கலைச்சொல் உண்டு. இரண்டையும் ஒப்பிடுவோம். ‘கழுவுதல்’ நோக்கத்தைச் சொல்கிறது, நடப்பதை மறைக்கிறது. துணியைக் கழுவும்போது நீரும் துணியும் ஒன்றுகலக்கின்றன. இக்கருவியிலோ குருதியும் நீரும் கலப்பதே இல்லை, கலந்தால் ஆபத்து. ‘கூழ்மப்பிரிப்பு’ வேதியியலாருக்குத் துல்லியமானது; பாட்டிக்கு ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய சொல் ‘சவ்வு’ என்பது நம் கருத்து.

வடிகலன் என்பது ஒரு முழம்கூட இல்லாத உருளை. அதனுள் ஏறத்தாழ 10,000 இழைக்குழல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்விட்டமும் சுமார் 0.2 மில்லிமீட்டர். குருதி குழல்களின் உள்ளே ஓடுகிறது. உப்புகள் அளவாகச் சேர்த்த தூய நீர் வெளியே எதிர்த்திசையில் ஓடுகிறது. குழலின் சுவரே சவ்வு. யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் செறிவு மிகுந்த குருதியிலிருந்து செறிவு குறைந்த நீருக்கு அச்சவ்வின் நுண்துளைகள் வழியே விரவிச் செல்கின்றன. குருதியணுக்களும் பெரிய புரதங்களும் துளையில் நுழைய மாட்டாமல் உள்ளேயே தங்குகின்றன. எதிர்த்திசை ஓட்டம் எதற்கு என்று மாணவர் கேட்க வேண்டும். ஒரே திசையில் ஓடினால் இருபுறச் செறிவும் விரைவில் நெருங்கிவிடும். எதிரெதிராக ஓடினால் குழலின் நெடுகிலும் வேறுபாடு நிலைக்கும்.

இதைச் செய்துகாட்டியவர் வில்லெம் கொல்ஃப் என்னும் நெதர்லாந்து மருத்துவர். 1943இல், நாடு அந்நியப் படையின் பிடியில் இருந்தபோது, காம்பன் என்னும் சிறுநகர மருத்துவமனையில், இறைச்சிக் குழல் அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் உறையை மர உருளையில் சுற்றி அவர் அக்கருவியைச் செய்தார். தொடக்க நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945இல் ஒருவர் பிழைத்தார்.

இன்றைய கருவியில் பொறியாளரின் பணி சவ்வோடு முடிவதில்லை. நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் நீர் ஓடுகிறது. வாரத்துக்கு 360 லிட்டர். நலமுடையவர் ஒரு வாரத்தில் குடிப்பது பதினான்கு, பதினைந்து லிட்டர்; அதையும் குடலும் கல்லீரலும் சோதித்தே உள்ளே விடுகின்றன. இங்கோ நீருக்கும் குருதிக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. குழாய்நீரைக் காக்கச் சேர்க்கும் குளோரமைன் குருதியில் நுழைந்தால் சிவப்பணுக்கள் சிதையும். நீரிலிருந்த அலுமினியம் நோயாளிகளின் மூளையையும் எலும்பையும் கெடுத்ததை 1970களில் மருத்துவ உலகம் கண்டறிந்தது. எனவே கரிவடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் முதலிய அடுக்குகளைக் கடந்தே நீர் கருவிக்கு வருகிறது. உப்பின் அளவை மின்கடத்துதிறனைக் கொண்டு ஓர் உணரி பார்க்கிறது. வெப்பநிலையை மற்றொன்று பார்க்கிறது. குருதிக்குழாயில் காற்றுக்குமிழி வந்தால் மீயொலியால் அறிந்து குழாயை இறுக்கி அடைக்க ஒன்று. சவ்வு கிழிந்து குருதி கசிந்தால் ஒளியால் அறிந்து எச்சரிக்க ஒன்று. இவ்வுணரிகள் உண்மையைச் சொல்கின்றனவா என்று குறித்த காலத்தில் சோதித்துக் கையொப்பம் இடுவதும் ஒரு பொறியாளரின் பொறுப்பே. அவரை நோயாளி காண்பதேயில்லை.

அரசாங்க மருத்துவமனைகளின் துணைச்சேவைகள் ஐந்து 1996இல் தனியார் வசம் ஒப்படைக்கப்பட்டபோது, உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்பு அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டது. துணி வெளுத்தல், துப்புரவு ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் இது இடம்பெற்றதால், பலர் இதைப் பழுதுபார்ப்பு வேலை என்று மட்டும் எண்ணிவிட்டனர். பழுதுபார்ப்பு இழிவான வேலையன்று என்பது ஒருபுறம் இருக்க, அப்பட்டியலைக் கொண்டு இத்துறையை அளப்பது பொருந்தாது என்பதே நம் துணிபு.

கருவி யாரைக்கொண்டு அளவு திருத்தப்பட்டது என்பதும் பொறியியற் கேள்வியே. கோவிட் காலத்தில் வீடுதோறும் அறிமுகமான விரல்மாட்டிக் கருவியை நினைவுகூர்வோம். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் அறிவித்த கொள்கையில் அது இயங்குகிறது. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலின் ஊடே செல்கின்றன. உயிர்வளி ஏற்ற குருதியும் ஏற்காத குருதியும் அவ்வொளிகளை வெவ்வேறு அளவில் உட்கொள்கின்றன. அவ்விகிதத்திலிருந்து உயிர்வளிச் செறிவு கணிக்கப்படுகிறது. தோலின் கருநிறமியும் ஒளியை உட்கொள்ளும் என்பதுதான் இடர். 2020 இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டியபோது தமனிக்குருதியில் உண்மையளவு 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தவர்களை எண்ணிப் பார்த்தது. வெள்ளையரிடையே அத்தகைய அளவீடுகள் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தாரிடையே 11.7 விழுக்காடு. மூச்சுத் திணறும் ஒருவரைக் கருவி ‘நலம்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடும். அவ்வாய்வு தமிழரைப்பற்றியது அன்று. ஆயினும், கருமையான விரலைக் கருவிக்குள் நீட்டும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. வடிவமைக்கும் மேசையில் அத்தகைய விரலுடைய ஒருவர் இருந்திருந்தால் அக்கேள்வி முன்னரே எழுந்திருக்கக் கூடும்.

மொழியும் இவ்வாறே கருவிக்குள் புகுகிறது. வீட்டுச் சர்க்கரைமானிகள் பலவற்றில் அளவு கருவியின் எல்லையைக் கடந்தால் எண்ணுக்குப் பதில் ‘மிகுதி’ என்பதைக் குறிக்கும் ஈரெழுத்து ஆங்கிலச் சொல் தோன்றும். ‘ஹை’ என்று படிக்கத் தெரியாதவர் அதை ‘ஹாய்’ என்னும் வணக்கமாகவோ பழுதாகவோ கொள்ளலாம். உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நேரத்தில் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பர். அலகிலும் சிக்கல் உண்டு. மலேசியாவில் லிட்டருக்கு மில்லிமோல் என்னும் அலகு வழங்குகிறது. தமிழ்நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இங்கே 8 என்பது அங்கே 144. ஊருக்குத் தொலைபேசியில் பேசும் பாட்டி தம் எண்ணை உறவினர் எண்ணோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்வாரானால், பிழை அவருடையதன்று. பயன்படுத்துவோரின் பழக்கம், மொழி, கண்பார்வை ஆகியவற்றுக்கு ஏற்பக் கருவியை அமைப்பதற்குப் பன்னாட்டுத் தரநெறியே வகுக்கப்பட்டுள்ளது. தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார் என்று அறிந்த பொறியாளர் அப்பணிக்குப் பெரிதும் வேண்டப்படுபவர்.

தமிழர் ஊரில் இத்துறை வேரூன்றி வளர்ந்ததற்கு மதுரை சான்று. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையை நீக்கியபின் விழிக்குள் வைக்கும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளுக்கு அது எட்டாத விலை. ஆகவே 1992இல் அரவிந்த் நிறுவனம் ஆரோலேப் என்னும் ஆலையை அமைத்து வில்லையைத் தானே செய்தது. விலை பல மடங்கு இறங்கியது. பிற வளரும் நாடுகளுக்கும் அவ்வில்லை சென்றது. நெகிழியை நூறிலொரு மில்லிமீட்டர் பிசகாமல் கடைந்து, மெருகேற்றி, நுண்ணுயிர் நீக்கி, ஒவ்வொன்றையும் சோதிக்கும் அப்பணியில் மதுரை வட்டாரத்து இளம்பெண்கள் பயிற்றப்பட்டனர். அவ்வில்லையை 1949இல் முதன்முதலில் பொருத்தியவர் ஆரல்ட் ரிட்லி என்னும் ஆங்கிலேயர். போர்விமானியரின் கண்ணில் சிதறிய அக்ரிலிக் துண்டுகளை விழி வெறுக்கவில்லை என்று கண்டு அவர் அப்பொருளைத் தேர்ந்தார். மலாயாவுக்கு ரப்பரைப் பரப்பிய ரிட்லி வேறொருவர். வினாடிவினாக்களில் இருவரையும் குழப்புவோர் உண்டு.

இத்தொழிலுக்குச் செல்லும் வழியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். எஸ்.பி.எம். நிலையில் இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் இன்றியமையாதவை, உயிரியல் துணைநிற்கும். அதன்பின் எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன், தொடர்ந்து நான்காண்டுப் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறை 1997இல் தொடங்கப்பட்டது. செயற்கைக் கைகால்களுக்கான சிறப்புப் பட்டமும் அங்கு உண்டு. நீரிழிவால் கால் இழப்போர் மிகுந்த நம்மிடையே அதன் தேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை. நேரே பட்டத்துக்குச் செல்ல இயலாதோருக்குச் ஷா ஆலம் பாலிடெக்னிக்கில் மருத்துவ மின்னணுவியல் டிப்ளோமா உள்ளது. பட்டப்படிப்புக்கு அங்கிருந்தும் ஏறலாம். தேரும் பட்டம் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடுதான் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009இல் முழு உறுப்பாகியதால், உடன்பாட்டு நாடுகளிலும் அப்பட்டத்துக்கு மதிப்புண்டு.

மாணவரிடம் இதை இனிப்புப் பூசிச் சொல்லவும் கூடாது. பட்டம் பெற்றோர் எல்லாரும் புதுக்கருவி படைப்பதில்லை. பலர் மருத்துவமனைப் பராமரிப்பிலும், கருவி விற்பனையிலும், ஆலைத் தரச்சோதனையிலும், சட்டப்பதிவு ஆவணம் எழுதுவதிலும் பணியைத் தொடங்குகின்றனர். நள்ளிரவில் அழைப்பு வரும். மருத்துவருக்குக் கிடைக்கும் சமூக மதிப்பு கிடைக்காது. உறவினர் ஒவ்வொருவருக்கும் தொழிலை விளக்கிக்கொண்டே இருக்க நேரும். இவற்றை அறிந்து வருபவரே நிலைப்பர்.

ஆசிரியர்களுக்கு எஞ்சியிருப்பது மொழிச் சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ‘அழுத்தம்’ என்று கற்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் அதையே ‘தெக்கானான்’ என்றும், பல்கலைக்கழகத்தில் ‘பிரெஷர்’ என்றும் காண்கிறது. வீட்டிலோ ‘தாத்தாவுக்குப் பிரஷர் இருக்கிறது’ என்று அது நோயின் பெயராக உலவுகிறது. குருதியழுத்தம் எல்லாருக்கும் உண்டு, மிகும்போதுதான் நோய் என்பதே அவ்வழக்கில் மறைகிறது. மொழி மாறும் ஒவ்வொரு படியிலும் பிள்ளை கருத்தை மீண்டும் முதலிலிருந்து கற்பது போல் மலைக்கிறது. தொடக்கத்திலேயே தாய்மொழியைக் கைவிடுவது இதற்கு மருந்து என்று சிலர் வாதிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கி, முப்பத்துமூவரைத் தமிழ்வழி மருத்துவராக்கினார். கருத்து தமிழில் வேரூன்ற இயலும் என்பதற்கு அச்செயலே போதும். இன்றைய பிள்ளைக்கு வேண்டியது, வேரூன்றிய கருத்துக்கு மற்ற இரு மொழிப் பெயர்களையும் உடனே சூட்டிவிடும் பழக்கம். பாடக்குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு மூன்று பத்திகள் வரைந்தால் ஆயிற்று.

எடுத்துக்காட்டாக ஒரு சோதனை. கஞ்சியை நன்கு நீர்த்து மெல்லிய நெகிழிப்பையில் ஊற்றி, வாயை இறுகக் கட்டி, பையின் வெளிப்புறத்தைக் கழுவி, அயோடின் சில துளி விட்ட நீரில் அதை மூழ்க வைக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் பையின் உள்ளே கருநீலம். வெளிநீர் மட்டும் பழுப்பாகவே நிற்கும். அயோடின் நுழைந்தது, மாப்பொருள் வெளியேற இயலவில்லை. பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒரு வகுப்பில் இதைச் செய்தால், தாத்தாவையோ பாட்டியையோ வாரம் மூன்று முறை வண்டியேற்றி அனுப்பும் பிள்ளை அவ்வகுப்பில் இருக்கக் கூடும். அந்தப் பையைக் காட்டி, தாத்தாவின் கருவியில் இது எது என்று முதலில் அப்பிள்ளையைக் கேட்கலாம். சவ்வு என்னும் சொல்லைப் பின்னர்க் கரும்பலகையில் எழுதலாம்.